கதவைத் திறந்துவிட்ட கொழுந்தனார்

தையல்காரி வாசல் கதவைப் பூட்டியே வைத்திருந்தாள். அவள் மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்ததிலிருந்து, கதவு திறந்திருந்தால் டூட்டிக்குக் கிளம்பிவிடுவார்.

அத்திபூத்தாற்போல் எட்டிப்பார்க்கும் கொழுந்தனார் வந்ததும் வராததுமாக உபதேசத்தை ஆரம்பித்தார். "பெரிய மனுஷனை இப்படியா பூட்டிவைக்கிறது அண்ணி? அன்பு இருந்தா அவர் எங்கயும் போகமாட்டார்."

"அப்ப நீங்களே பாத்துக்குங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு அவள் தைக்க உட்கார்ந்தாள்.

கதவைத் திறந்துவிட்ட அன்பு மகன், பெற்றவர்களைப் பேணுவது எப்படி என்று போனில் யாருக்கோ அளந்துகொண்டிருந்தார். அப்பா அவரைத் தாண்டியே நடந்து போனார்.

பதறி ஓடிய தையல்காரி அவரை பஸ் நிறுத்தத்தில் பிடித்தாள். "இன்னைக்கு உங்களுக்கு லீவு மாமா" என்றதும் சாதுவாகத் திரும்பி வந்தார்.

"கொஞ்சம் கவனமா இருக்கக் கூடாதா அண்ணி?" என்றார் கொழுந்தனார்.

அவள் அவருடைய பையை எடுத்துவந்து அவர் கையிலேயே கொடுத்தாள்.