அண்ணாவின் சீர் சிறுத்துப்போன காரணம்

எங்கள் அண்ணா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய வாழ்வைச் சுருக்கமாக எழுதித் தர விரும்புகிறேன். அவர் மேல் விழுந்த ஒரு பழியையும் நீக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழிக்குக் காரணம் நான்.

அண்ணா திருச்செங்கோட்டுக்கு அருகில் தச்சர் குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே தகப்பனார் காலமாகிவிட, உளியை அவர் கையில் எடுத்ததால்தான் தங்கையான நான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். ஏர், வண்டிச் சக்கரம், கதவு எல்லாம் செய்தார். கூலியைப் பேசி வாங்கத் தெரியாதவர்.

ஒருமுறை, கிணற்று வாய்க்கால் ஓரம் கேட்பாரற்றுக் கிடந்த மாங்கட்டையை அறுத்தபோது, உள்ளே மையால் இழுத்ததுபோல் கருங்கோடுகள் ஓடியிருந்தன. அதன் பிறகு அவரே அப்படிக் கோடு வரவழைக்கப் பழகினார். பச்சைப் பலகைகளைக் குழியில் அடுக்கி, பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோல் பூசணம் பிடித்த துண்டு ஒன்றை இடையில் வைத்து, ஈர வைக்கோலும் சாக்கும் போட்டு மூடுவார். நகம் பதியும் அளவு மரம் மெத்தென்று ஆவதற்குள் எடுத்து நிழலில் உலர்த்துவார்.

“கோடு எப்படீங்கண்ணா உழுவுது?” என்று கேட்டேன்.

“ரெண்டு வகைப் பூசணம் ஒண்ணையொண்ணு உள்ள உடாது அம்மிணி. பங்காளிங்க வரப்புப் போடறாப்பல நடுவுல கோடு போட்டுக்கும்.”

என் மகளுக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமானது. தாய்மாமன் சீராக, கருங்கோடு ஓடிய பெரிய துணிப்பெட்டி தருவதாக அண்ணா எல்லோர் முன்னிலும் சொன்னார். புரட்டாசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பலகைகளைப் புதைத்தார். பிறகு ஆத்தூரில் ஓர் அரிசி ஆலைக்குக் கூரை வேலை செய்யப் போனார். “சாக்கை நனைச்சுக்கிட்டு இரு. தொறந்து மட்டும் பாக்காத” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் திறந்து பார்த்தேன். பலகை முழுக்கப் பஞ்சுபோல் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கோட்டுக்குப் பூசணம் வேண்டும் என்று தெரிந்திருந்தும், மணப்பெண்ணின் பெட்டியில் இவ்வளவு பூசணமா என்று மனம் பதறியது. எல்லாவற்றையும் எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, பாறைமேல் வெயிலில் காயவைத்தேன். இரண்டே நாளில் பலகைகள் முறுக்கிக்கொண்டு வெடித்துவிட்டன.

மார்கழியில் அண்ணா திரும்பினார்.

“யாரு அம்மிணி இதை வெளியில எடுத்தது?”

“நாந்தானுங்கண்ணா. மனசு கேக்கல.”

“அதுக்குன்னு குண்டாவாட்டம் வெளக்கி வெயில்ல கவுத்துட்டியா?”

வேறு மரம் வாங்கலாம் என்றேன். “பச்ச மரத்துல செஞ்சா ஆடிக்குள்ள வாய் பொளந்துக்கும்” என்று மறுத்துவிட்டார். வெடிப்பு விடாத துண்டுகளைத் தேடி அறுத்தார். ஒரு கைப்பெட்டிக்குத்தான் மரம் தேறியது. கோடும் மூடியில் பாதிவரைதான் வந்திருந்தது.

பந்தலில் அதைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, துணிப்பெட்டின்னு சொன்னீங்க. இதுல முந்தானைகூட அடங்காதாட்ட இருக்குதுங்களே.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“மரம் அவ்வளவுதானுங்க அமைஞ்சுது” என்றார் அண்ணா. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நான் அருகில்தான் நின்றேன். உண்மையைச் சொன்னால் பூசணம் என்ற சொல் சம்பந்தி வீட்டார் காதில் விழுமே, மகளுக்கு அங்கே என்ன பேச்சு வருமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து அண்ணாவுக்குக் கஞ்சன் என்று பெயர். அது அவர் காதுக்கும் எட்டியது.

கடைசியில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, “அன்னைக்குப் பந்தல்ல நாஞ் சொல்லியிருக்கோணும்ங்கண்ணா” என்றேன்.

“எதை அம்மிணி?” என்றார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். மறுநாள் அவர் இல்லை.

மருந்து கொடுத்த வைத்தியருக்கும், இரவு பகலாகத் துணையிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், பாடைக்கு முதலில் தோள் கொடுத்த சம்பந்திக்கும் எங்கள் குடும்பம் நன்றியுடன் இருக்கும். சம்பந்தி இதைப் படித்தபின் ஏதேனும் கேட்பதானால் என் மகளிடம் கேட்க வேண்டாம். என்னிடம் கேட்கட்டும். இந்த முறை நான் பதில் சொல்வேன்.