குடும்பத்தோடு என்றால் கட்டுப்படியாகுமா?

கப்பல் டிக்கெட் விற்கிறவனிடம் கப்பலைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. குடும்பத்தைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம்.

மலாயாவில் கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் முதலாளி மரைக்காயரின் கடை இருந்தது. நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போகிற வருகிற கப்பல்களுக்கு அங்கே டிக்கெட் எடுக்கலாம். நான் அங்கே கிராணி, அதாவது கணக்கெழுதுகிறவன். வருகிறவர்கள் முதலில் கட்டணம் கேட்பார்கள். அதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் போகமாட்டார்கள். கொஞ்ச நேரம் சுவரில் ஒட்டியிருக்கிற கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “குடும்பத்தோடன்னா கட்டுப்படியாகுமா?” என்பார்கள். நீங்களும் எங்காவது ஒரு மேசைக்கு முன்னால் அப்படி நின்றிருப்பீர்கள். இல்லாவிட்டால் உங்கள் அப்பா நின்றிருப்பார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கும் அதற்குப் பதில் தெரியாது என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

செந்தூல் சூசை

சூசை செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டர். மனைவியும் ஒரு பெண்ணும் கைக்குழந்தையும் திருச்சிப் பக்கத்தில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரயிலேறி எங்கள் கடைக்கு வந்துவிடுவார். டிக்கெட் விலை அவருக்கு மனப்பாடம். அவர் கேட்டதெல்லாம் வேறு. செந்தூலில் தனி அறை கிடைக்குமா, விறகு என்ன விலை, பிள்ளைக்குப் பால் வாங்கக் கட்டுப்படியாகுமா, இதெல்லாம்தான். அப்போது அவர் இன்னும் சில ஆட்களோடு ஒரே வீட்டில் முறை வைத்துச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு சீனரின் கடைக்குப் பின்புறம் அறை பார்த்தார். சாக்குத் துணி கட்டி இரண்டாகப் பிரித்த அறை. அதில் பாதி இவருக்கு.

அந்தப் பாதிக்குள் எல்லாரும் அடங்கமாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மனைவியும் கைக்குழந்தையும் இப்போது வரட்டும், பெண் சித்தி வீட்டில் இருக்கட்டும், அடுத்த வருடம் அவளை அழைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். நல்ல யோசனை என்றுதான் எல்லாரும் சொன்னோம். அடுத்த வருடம் மனைவி காய்ச்சல் வந்து படுக்கையானாள். அதற்கடுத்த வருடம் பட்டறையில் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். அப்புறம் இன்னொரு குழந்தை பிறந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் வந்து, இந்தக் கப்பலுக்கு முடியாது, அடுத்ததற்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போவார்.

அந்தப் பெண் கடைசியில் ஊர்க்காரர் ஒருவரின் குடும்பத்தோடு வந்து சேர்ந்தபோது தாவணி போட்டிருந்தாள். கப்பல் வருகிற நாளில் துறைமுகத்துக்குப் போவது என் வேலை என்பதால் நானும் அங்கே நின்றிருந்தேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சூசையைப் பார்த்து, அப்பா வரவில்லையா என்று மரியாதையாகக் கேட்டாள். சூசை, “நான்தாம்மா” என்றார். அவள் சரி என்று தலையசைத்தாள், ஆனால் கிட்டே வரவில்லை. ரயிலில் அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அவர் எதிரே உட்காராமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதும் சொன்னார்: “அன்னைக்கே கடன் வாங்கியாவது எல்லாரையும் கூட்டியாந்திருக்கணும் அண்ணே. மிச்சம் பிடிக்கிறேன்னு நெனச்சு எதையோ வித்துட்டேன்.”

மாடியில் ஒரு பாய்

காசிம் ஜவுளிக்காரர். கிள்ளானில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் சரக்கை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வரை வீடு வீடாகப் போய் விற்பார். மனைவி ஆமினா நாகூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் இருந்தாள். சில வருடங்களுக்கு ஒருமுறை ஊருக்குப் போவார். போகும்போது புதுச் சட்டை, அத்தர், பிள்ளைகளுக்குப் பட்டு, பக்கத்து வீட்டுக்குக் கைலி என்று கொண்டுபோவார். என்னையும் கூட்டிப்போங்கள் என்று மனைவி கேட்டால், மலாயாவில் குடும்பம் வைக்கக் கட்டுப்படியாகாது என்பார். அத்தர் மணக்க நின்றுகொண்டு அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆமினா நம்பவில்லை. பிள்ளைகளைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு, வளையலை விற்று, தெரிந்த குடும்பம் ஒன்றோடு ஒருவருக்கும் சொல்லாமல் கப்பலேறி வந்துவிட்டாள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு நேராக எங்கள் கடைக்கு வந்து, காசிம் குடியிருக்கிற வீடு எது என்று கேட்டாள். அந்தக் குரலிலேயே விஷயம் புரிந்துவிட்டது. முதலாளி என்னைத்தான் கூட அனுப்பினார். ஜவுளிக் கடையின் மாடிக்கு மர ஏணியில் ஏறினோம். துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, ஒரு பீங்கான் தட்டு. ஊருக்குப் போட்டுப் போகிற புதுச் சட்டை மட்டும் சுவரில் துணி மூடித் தொங்கிற்று. வேறு ஒன்றும் இல்லை. அவள் நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்து காசிம் மூட்டையோடு ஏறி வந்தார். அவள் கேட்டது சாப்பிட்டீர்களா என்பது மட்டும்தான்.

அவள் திரும்பிப் போவாள் என்று நினைத்து முதலாளி அடுத்த கப்பலில் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். மறுநாள் அவளே வந்து அது வேண்டாம் என்றாள். பிள்ளைகளை வரவழைக்க என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டாள். கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்: “இங்க இன்னொருத்தி இருந்திருந்தா சண்டை போட்டுட்டு ஊருக்குப் போயிருப்பேன் தம்பி. யாருமே இல்லையே. இனி எப்படிப் போறது?”

தேவசகாயம் திரும்பி வந்தார்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் தேவசகாயம் என்று ஒரு பெரிய கிராணி. மெதடிஸ்ட் சபையில் மூப்பர். பென்ஷன் வாங்கியதும் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விடுவதென்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், சொன்னபடியே செய்தார். மேசை நாற்காலி முதல் கோழிக்கூண்டு வரை விற்றார். இந்த ஊரில் கஞ்சி குடிக்கிற பணத்தில் அங்கே விருந்து சாப்பிடலாம் என்று டிக்கெட் எடுக்க வந்த அன்று எனக்கு விளக்கினார். அவர் மனைவியும் இங்கேயே பிறந்த இரண்டு பெண்களும் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருட மழைக்காலத்தில் அதே நால்வரும் கப்பலிலிருந்து இறங்கினார்கள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவராகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சொந்தக்காரர்கள் அன்பாகத்தான் இருந்தார்களாம். ஆனால் மலாயாக்காரர் வந்திருக்கிறார் என்று கல்யாணம், காதுகுத்து, வைத்தியம் எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக இவரிடம்தான் வந்தார்களாம். பெண்கள் சந்தையைப் பாசார் என்று மலாய் வார்த்தையில் சொன்னால் தெருவே சிரித்ததாம். அவர்களுக்குப் பேசி வந்த வரன்கள் கேட்டதை இவர் எந்தக் காலத்திலும் சம்பாதித்ததில்லையாம். விற்ற சாமான்களைத் திரும்ப வாங்க முடியாது. குவாட்டர்ஸும் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. வாடகைக்கு இரண்டு அறை கிடைக்குமா என்று என்னிடமே விசாரித்தார். “அங்க எல்லாம் மலிவுதான் தம்பி, நான் பொய் சொல்லலை” என்றார். “நாங்கதான் அந்த ஊருக்கு விலை அதிகமாப் போயிட்டோம்.”

மாணிக்கத்துக்கு வந்த பதில்

எங்கள் கடையில் மூட்டைகளுக்கு அடையாளம் எழுதி ஏற்றிவிடுகிறவன் மாணிக்கம். குடும்பத்தை அழைக்கலாமா என்று தயங்குகிற ஒவ்வொருவரையும் ஓரமாகக் கூட்டிப்போய் அழைத்துவிடுங்கள் என்று தைரியம் சொல்லுவான். அவன் மனைவி மட்டும் தஞ்சாவூரிலேயே இருந்தாள். வெற்றிலை, சுருட்டு இரண்டையும் விட்டு, ஒரு வழியாக அவளுக்கும் டிக்கெட் எடுக்கிற நிலைக்கு வந்து, புறப்பட்டு வா என்று எழுதினான். வரமாட்டேன் என்று பதில் வந்தது. அவன் இங்கே வந்தபிறகு அவள் பஸ் நிற்கிற இடத்தில் இட்லி போட ஆரம்பித்திருக்கிறாள். இப்போது கூரை போட்டுப் பெஞ்சு வாங்கி, கூட ஓர் ஆளும் வைத்திருக்கிறாளாம். அதை விட்டுவிட்டு வந்து சாக்குத் துணிக்குப் பின்னால் குடித்தனம் செய்ய முடியாது, நீங்கள் கிளம்பி வாருங்கள் என்று எழுதச் சொல்லியிருந்தாள். மாணிக்கம் அந்தக் கடிதத்தைச் சில நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தை என் மேசைமேல் வைத்து, தன் பெயருக்கு ஒரு டிக்கெட் எழுதச் சொன்னான். “அவளைக் கூட்டியாந்து வச்சிக்க எனக்கு இன்னும் வசதி வரலை அண்ணே, அவளுக்கு என்னைக் கூப்பிட்டு வச்சிக்கிற வசதி வந்திருச்சு.”

அஞ்சலையின் கேள்வி

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். ஊருக்குப் போக விரும்புகிறவர்களைச் சர்க்கார் இலவசமாகவே கப்பலேற்றியது. எங்கள் கடையில் ஈ ஓட்டினோம். துறைமுகத்துக்குப் போனால், இலவசக் கப்பலுக்குக் காத்திருக்கப் போட்ட முகாம் நிறையத் தோட்டத்து மக்கள், சட்டி பானைகளோடு.

செமினிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து முனியனும் அவன் மனைவி அஞ்சலையும் மூன்று பிள்ளைகளோடு எங்கள் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். முகாமுக்கு வழி கேட்க முனியன் உள்ளே வந்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டு நின்றுபோய்விட்டது, வேலை வாங்குகிற தண்டல் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார், செலவில்லாமல் போக முடிகிறபோதே போய்விடுவதுதான் நல்லது என்றான். நான் வழி சொல்லிக்கொண்டிருக்கும்போது அஞ்சலை உள்ளே வந்து, ஒரு விஷயம் கேட்கலாமா ஐயா என்றாள். போவதற்குக் காசு வேண்டாம், சரி; திரும்பி வருவதற்கு எவ்வளவு? நான் விலையைச் சொன்னேன். பெரியவர்களுக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்குப் பாதி. அவள் அதைக் கேட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். ஊரில் யார் வீட்டில் போய் இறங்குவது என்று கேட்டாள். அண்ணன் வீடு என்றான். அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாள். அவனுக்குத் தெரியாது.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் பேசினார்கள். சண்டையில்லை, குரல்கூட உயரவில்லை. சீனத் தோட்டக்காரர் ஒருவர் செமினி ஆற்றோரம் காய்கறி போட ஆள் தேடுகிறார், கூலி கிடையாது, ஆனால் குடிசை போட இடம் தருவார், விளைவதில் பங்கு தருவார் என்று அவள் விசாரித்து வைத்திருந்தாள். முனியன் ஊர்ப் பேரையே திரும்பத் திரும்பச் சொன்னான். முதலாளி அவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். கடைசிப் பிள்ளை அந்த ஊரில் பால் மரம் இருக்குமா என்று கேட்டது. இருக்காது என்று சொன்னபோது, அப்படியென்றால் அப்பா என்ன வேலை செய்வார் என்று கேட்டது. அதற்குப் பிறகு முனியன் ஊர்ப் பேரைச் சொல்லவில்லை.

அவர்கள் முகாமுக்குப் போகாமல் ரயில் நிலையத்தின் பக்கம் திரும்பினார்கள். அதன் பிறகு அவர்களை எனக்குக் கொஞ்ச காலம் தெரியும். முதல் வருடம் மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறெதுவும் சாப்பிடவில்லை என்று முனியன் பின்னாளில் சொன்னான். நடுப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. ஊருக்குப் போயிருந்தால் பிழைத்திருக்குமோ என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனால் அன்று கடை வாசலில், நன்றாக யோசித்துக்கொள் அம்மா, சர்க்கார் இன்னொரு முறை இலவசமாக ஏற்றிவிடாது என்று முதலாளி சொன்னபோது, அஞ்சலை பிள்ளைகளின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டே சொன்னதை நான் மறக்கவில்லை: “எங்களுக்குத்தாங்க அது ஊரு. இதுங்களுக்கு அதுதான் அக்கரைச் சீமை. சீமைக்குப் போற அளவுக்கு எங்களுக்கு வசதி பத்தாதுங்க.”

இத்தனை வருடத்தில் என் யோசனையைக் கேட்டு வந்தவர்களில் அதன்படி நடந்தவர் ஒருவர்கூட இல்லை. அவரவர் முடிவை அவரவர் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்க எதிரே ஓர் ஆள் தேவைப்பட்டது, அந்த ஆளாக உட்கார்ந்திருந்ததற்குத்தான் எனக்குச் சம்பளம்.