வீட்டில் நடந்த விபத்து

போன வாரம் மழை கொட்டித் தீர்த்ததே, அந்த மத்தியானம் என் தங்கை செல்வியிடமிருந்து போன். எடுத்ததுமே அழுகை.

“அண்ணா, அவருக்குக் கரண்ட் அடிச்சிடுச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு வந்திருக்கோம். சீக்கிரம் வாண்ணா.”

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவள் கணவர் ஏகாம்பரம் பட்டு நெசவாளி. வீட்டின் முன்னறையில்தான் தறி. தரையில் தோண்டிய பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்ய வேண்டும். சேலையில் டிசைன் விழவைக்கும் ஜக்கார்டு பெட்டி தலைக்கு மேலே இருக்கும். அதை இயக்கும் மிதியைக் காலால் மிதித்து மிதித்தே மாப்பிள்ளைக்கு முட்டி போய்விட்டது என்று போன வருஷம் மோட்டார் வைத்தார்கள். இந்த மழையில் பள்ளத்தில் தண்ணீர் ஊறியிருக்கிறது. மனிதர் ஈரக் காலோடு மோட்டார் சுவிட்சைத் தொட்டிருக்கிறார்...

அவரை இழுக்க செல்வி கையை நீட்டியிருக்கிறாள். தொட்டிருந்தால்? வேண்டாம், எழுதவே பயமாக இருக்கிறது. அந்த நொடி பார்த்துத் தெருவுக்கே கரண்ட் போய்விட்டது. நான் வாய் ஓயாமல் திட்டும் அதே மின்வெட்டுதான்!

நான் போனபோது மாப்பிள்ளை கண் விழித்திருந்தார். வலது கையில் பெரிய கட்டு. பக்கத்தில் நர்ஸ் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார்.

“எங்க ஷாக் அடிச்சுது?”

“வூட்லதான் சிஸ்டர்.”

“வேலை செய்யற எடத்துல இல்லியே?”

“இல்ல சிஸ்டர். நான் எங்கயும் வேலைக்குப் போறதில்ல. வூட்லயே தறி போட்டுக்கினு இருக்கேன்.”

நர்ஸ் தலையாட்டினார். வீட்டு விபத்து என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரைச் சொல்லி என்ன குற்றம்? மாப்பிள்ளையே அப்படித்தானே நினைக்கிறார்!

அன்று காலைதான் பேப்பரில் பணியிட விபத்துப் புள்ளிவிவரம் படித்தேன். தொழிற்சாலை, கட்டடம், குவாரி என்று தனித்தனியாகக் காயம், நோய், சாவு. நல்லவேளை, நம்ம ஆட்கள் யாரும் இதில் இல்லை என்று நிம்மதியாகக் காபி வேறு குடித்தேன். இல்லாமல் என்ன? யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். எங்களூரில் நெசவாளிக்கு முட்டி தேய்ந்தால் அது வயசு. கண் மங்கினால் சுகர் என்பார்கள். தறியிலேயே ஒருத்தர் சாய்ந்தாலும் ‘வீட்டில் இறந்தார்’ என்றுதான் போஸ்டர் ஒட்டுவோம்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். நல்ல மனிதர்.

“இசிஜி நார்மலா இருக்குது. இனிமே பயமில்லமா. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டினு போகலாம்.”

செல்வி என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு நாள் இங்கயே வச்சுக்கோங்க சார். வூட்டுக்கு வந்தா உடனே தறியில குந்திடுவாரு. பள்ளத்துல தண்ணி இன்னும் வத்தல.”

வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று ஒரு மனைவி டாக்டரிடம் கெஞ்சி, நான் இப்போதுதான் பார்க்கிறேன்.