எண்பத்தேழாவது கோடு

போன வருஷம் ஒரு பௌர்ணமி நாள் காலை. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், எங்கள் வீட்டு அறைக்கதவுக்குப் பின்னால்தான் இது தொடங்கியது.

நான் பத்தாவது வரை படித்தவன். டவுனில் ஒரு பிளெக்ஸ், ஸ்டிக்கர் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் செய்வது என் வேலை. அதற்கு ஒரு வாரம் முன்பு, கீழ்பென்னாத்தூர் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அங்கன்வாடி டீச்சர் கடைக்கு வந்திருந்தார். குழந்தைகளின் உயரத்தை அளக்கச் சுவரில் ஒட்டுகிற ஸ்டிக்கர், தனக்கும் அக்கம்பக்கத்து ஊர் டீச்சர்களுக்குமாகப் பதினான்கு வேண்டும் என்றார்.

"இந்த மாசம் பௌர்ணமி அன்னிக்குத்தான் எங்களுக்கு அளக்கற நாள் சார். வயசுக்கேத்த உயரம் இல்லாத கொழந்தைங்கள டாக்டர்கிட்ட அனுப்பணும். அளவு கரெக்டா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டுக் கொடுத்தேன். கூடுதலாக அடித்த ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் ஒட்டினேன்.

அன்று காலை யூகேஜி படிக்கிற என் மகன் அதில் முதுகை ஒட்டி நின்றான். தலைமேல் அட்டையை வைத்துப் பார்த்தேன். நூற்று ஒன்பது.

"அப்பா! நேத்து ஸ்கூல்ல அளந்தாங்க, நூத்தி எட்டுதான். ஒரே ராத்திரில ஒண்ணு வளந்துட்டேன்!" என்று குதித்தான்.

"நேத்து ரெண்டு முட்ட துன்ன இல்ல, அதான்" என்று சமையலறையிலிருந்து அவன் அம்மா சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடை வேலைக்கு வைத்திருக்கும் ஸ்டீல் டேப்பை எடுத்து அவனை மறுபடி நிறுத்தி அளந்தேன். நூற்று எட்டு. பிறகு ஸ்டிக்கரையே அளந்தேன். நூறு என்று நான் போட்டிருந்த கோடு, தரையிலிருந்து தொண்ணூற்றொன்பதைக் கொஞ்சம் தாண்டிய இடத்தில் நின்றது. ஒரு சென்டிமீட்டர் காணவில்லை.

எப்படி என்று கேட்கிறீர்களா? பிளெக்ஸ் கடைகளில் எல்லாக் கணக்கும் அடி, அங்குலத்தில்தான். எங்கள் கம்ப்யூட்டரும் அங்குலத்தில்தான் அளவு கேட்கும். ஒரு சென்டிமீட்டர் என்றால் 0.3937 அங்குலம். ஒரு கோடு போட்டு, அடுத்த கோடு எவ்வளவு தள்ளி வரவேண்டும், எத்தனை கோடு வேண்டும் என்று சொன்னால் போதும், நூற்றிருபது கோட்டையும் அதுவே போட்டுவிடும். நான் 0.3937 என்றுதான் அடித்தேன். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம்தான் நிற்கும். மீதியை விட்டுவிட்டு 0.39 என்று காட்டியது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன். ஏனென்றால் அந்த வித்தியாசம் ஒரு தலைமுடியின் அகலம்தான் இருக்கும்.

அடித்த பிறகு சரிபார்க்கவும் செய்தேன். ஸ்கேலை வைத்து முதல் பத்து சென்டிமீட்டரைப் பார்த்தேன். பத்து முடி அகலம் கோட்டின் தடிமனுக்குள் ஒளிந்துகொண்டது. சரியாக இருக்கிறது என்று சுருட்டிக் கட்டிவிட்டேன். நூறு கோடு மேலே போனால் நூறு முடி சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டீச்சருக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் இல்லை. என் ஸ்டிக்கரில் எல்லாக் குழந்தையும் இருப்பதைவிட ஜாஸ்தி உயரமாகத் தெரியும். டாக்டரிடம் போக வேண்டிய குழந்தை போகாமலே விட்டுப்போகும். பதினான்கு ஊரில் எத்தனை குழந்தையோ!

வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ஓனரிடம் சொன்னேன். அன்னதான பேனர்களுக்கு நடுவில் நின்றிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யோவ், ஒரு சென்டிமீட்டரப் போயி எவன்யா கேக்கப் போறான்? பேனர் நாலு நிக்குது பாரு."

"இல்லண்ணா, கொழந்தைங்க விஷயம்."

"ஒண்ணு ஜாஸ்தியா காட்டுனா பெத்தவ சந்தோஷந்தான் படுவா. உக்காருய்யா."

உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நிமிஷம் உட்கார்ந்துதான் இருந்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. போய்ச் சொன்னால், பத்தாவது படித்தவனை நம்பி வேலை கொடுத்ததே தப்பு என்பார்கள். டேப்பை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வந்துடறேண்ணா" என்று எழுந்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து கத்தியது கேட்டது, என்னவென்று காதில் விழவில்லை.

கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். சந்து சந்தாகச் சுற்றி, கீழ்பென்னாத்தூர் ரோட்டைப் பிடிக்கவே அரைமணி நேரம் போய்விட்டது. வழியில் வண்டியை ஓரம் கட்டி மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவே இல்லை.

அங்கன்வாடிக்குள் நுழைந்தபோது ஒரே அழுகைச் சத்தம். நாலைந்து தாய்மார்கள் குழந்தைகளை வைத்துக்கொண்டு நின்றார்கள். சுவரில் என் ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. அதன் முன்னால் மூன்று வயதை எட்டப்போகிற ஒரு பெண்குழந்தை, குதிகாலைச் சுவரோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எண்பத்தேழர! இவ வயசுக்கு எண்பத்தேழாவது இருக்கணும். தாண்டிட்டா!" என்றார் டீச்சர்.

அந்தத் தாய் குழந்தையைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். "போன ரெண்டு தடவையும் கம்மி கம்மின்னே எழுதுனீங்களே டீச்சர். இனிமே டாக்டர்கிட்ட போவத் தேவையில்ல இல்ல?"

ஓனர் சொன்னது சரிதான். பெற்றவள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோது அப்படியே திரும்பிப் போய்விடலாம் போலத்தான் இருந்தது.

"டீச்சர், அத எழுதாதீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "ஸ்டிக்கர் தப்பு. நான்தான் தப்பா போட்டுட்டேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தாய் முகம் சிவக்கக் கேட்டாள்: "இன்னா சார், எம்பொண்ணு வளந்தது உனக்குப் பொறுக்கலயா?"

டேப்பை எடுத்து டீச்சரிடம் கொடுத்தேன். அவர் சுவரின் வெறும் பக்கத்தில் குழந்தையை நிறுத்தி, தலைமேல் அட்டை வைத்து, தரையிலிருந்து அளந்தார். ஒரு முறைக்கு இரண்டு முறை அளந்தார்.

எண்பத்தாறே முக்கால்.

குழந்தை, "தாண்டிட்டனா?" என்று எல்லோர் முகத்தையும் பார்த்தாள். தாய் அவளை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ஓரமாகப் போய் நின்றாள்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. "சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கி பன்னெண்டு மணிக்குள்ள எல்லாத்தையும் போன்ல கவர்மென்ட்டுக்கு ஏத்தியிருப்போம் சார்" என்றபடி, கொடியில் மாட்டியிருந்த பையிலிருந்து போனை எடுத்தார். அதில் என் அழைப்பு ஐந்து இருந்தது. மற்ற பதிமூன்று டீச்சர்களுக்கும் ஸ்டிக்கரில் அளக்க வேண்டாம், டேப்பில் அளங்கள் என்று அங்கேயே நின்று சொன்னார். அன்று நடுப்பகல் வரை நான் அங்கேயே இருந்து டேப்பின் கீழ்முனையைத் தரையில் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கோடுகளைத் தனித்தனியாகத் திருத்தி, பதினான்கையும் புதிதாக அடித்து நானே கொண்டுபோய் ஒட்டினேன்.

அந்தக் குழந்தையை டாக்டர் பார்த்ததில் ரத்தம் ரொம்பக் கம்மி என்று மருந்து கொடுத்ததாக டீச்சர் பிறகு சொன்னார்.

ஐந்து மாதம் கழித்து ஒருநாள் கடை வாசலில் அந்தத் தாய் வந்து நின்றாள். கையில் குழந்தை.

"சார், அந்த டேப்ப எடு. உன் ஸ்டிக்கர்லாம் வேணாம்."

கடைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி அளந்தேன். எண்பத்தொன்பதரை. ஓனர்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"நெசந்தானே?" என்றாள் அவள், என் கண்ணையே பார்த்து.

"நெசம்மா" என்றேன்.

இப்போதெல்லாம் எந்த அளவுகோலைப் போட்டாலும் அதன் கடைசிக் கோடு வரை டேப்பை வைத்துப் பார்க்காமல் நான் சுருட்டிக் கட்டுவதில்லை; அந்தக் கோட்டுக்கு அடியில் ஒரு குழந்தை, குதிகாலை ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லப்போகும் எண்ணுக்காகக் காத்து நிற்பதுபோலவே எனக்கு இருக்கும்.