கலீல் பாய் எழுந்திருக்காத சோபா

உக்கடம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விசாரித்தால் அவர் வாடகை சைக்கிள் கடை கலீல் ரஹ்மான். குளத்துக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குள் போய் விசாரித்தால் சோபா பாய். சைக்கிள் கடை அவருக்குச் சோறு போட்டது. சோபா மரியாதை வாங்கிக் கொடுத்தது. அந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்பது அவருக்கும் அவருடைய இரண்டு தொடைகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

ரேஸ்கோர்ஸில் ஒரு மில் அதிகாரி பங்களாவைக் காலி செய்தபோது வந்த சோபா அது. நல்ல தேக்கு. மூன்று பேர் உட்காரலாம். உட்காருகிற இடத்தில் பலகை கிடையாது. விரல் நுழைகிற இடைவெளி விட்டு வரிசையாக ரீப்பர் கட்டைகள். அதற்கு மேலே போடுகிற குஷன்களை பங்களா நாய் தின்றுவிட்டதால் மரம் மட்டும் சல்லிசாகக் கிடைத்தது. கலீல் பாய் ஒப்பணக்கார வீதியில் ஸ்பாஞ்ச் வாங்கி மூன்று துண்டாக வெட்டிக்கொண்டு வந்தார். உறை தைப்பது மனைவி இஸ்மத்தின் பொறுப்பு. இஸ்மத் ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் பேரம் பேசி ஜெயித்து வந்த துணி ரோஸ் கலர் சாட்டின். தொட்டால் கை நிற்காது. ஈ உட்கார்ந்தாலும் பிரேக் பிடிக்காது.

பங்களாவில் யார் யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து ரீப்பர்கள் ஏற்கெனவே கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன. அதன்மேல் சாட்டின். உட்கார்ந்தவர் குஷனோடு சேர்ந்து மெதுவாக முன்னால் வருவார். வருவது அவருக்கே தெரியாது. தெரியும்போது தரையில் இருப்பார்.

துணியை மாற்றலாமே என்று கலீல் பாய் ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"துணி மேல குத்தம் சொல்லாதீங்க," என்றாள் இஸ்மத். "சந்தையில நாலு பொம்பளைங்க கண்ணு வெச்ச துணி. உங்க கட்டை ஏன் வழுக்குதுன்னு அதைக் கேளுங்க."

கட்டையைக் கேட்க முடியாது. அதனால் கலீல் பாய் தன் தொழில் புத்தியைக் காட்டினார். பழைய சைக்கிள் ட்யூபை நீளநீளமாகக் கிழித்து, குஷனைச் சுற்றி ரீப்பரோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். சித்திரை மாதம் வரைக்கும் அருமையாக நின்றது. சித்திரை வெயிலில் ட்யூப் இளகியது. அன்றைக்குப் பார்த்து இஸ்மத்தின் பெரியப்பா வெள்ளைப் பைஜாமாவில் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பின்பக்கம் வரிக்குதிரையாகி பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போனார். ட்யூபை அன்றே கழற்றியாகிவிட்டது. ஈரத் துண்டை அடியில் விரித்ததும் நின்றது, ஆனால் எழுந்திருப்பவர்கள் வேறு மாதிரி சங்கடப்பட்டார்கள். ஆணி அடிக்க இஸ்மத் விடவில்லை.

கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி வெகு சுலபம். ஓரத்துக் குஷன்கள் இரண்டிலும் பின்பக்கம் கெட்டி நாடா தைத்து, அந்த நாடாக்களை நடுக் குஷனுக்கு அடியில் இழுத்துவிட்டு, அதன்மேல் அவரே உட்கார்ந்துகொண்டார். கலீல் பாய் நல்ல கனம். குதிகாலைத் தரையில் ஊன்றி அவர் உட்கார்ந்துவிட்டால் மூன்று குஷனும் செத்தாலும் நகராது. அவர் எழுந்தால் மட்டும் ரெண்டு பக்கமும் போச்சு.

சந்தில் வேறு யாரிடமும் சோபா கிடையாது. பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால் முதல் நாளே வந்து இரவல் கேட்பார்கள். ரீப்பர் சோபா என்பதால் கனமில்லை; இரண்டு பேர் முன்னும் பின்னும் தூக்கிப் போக, குஷன்களைத் தலையில் அடுக்கிக்கொண்டு இன்னொருவர் போக, பின்னால் கலீல் பாய் கையை வீசிக்கொண்டு போவார். சோபா போகிற வீட்டுக்கெல்லாம் அவரும் போக வேண்டும். அவர் இல்லாமல் சோபாவை அனுப்புவது பிரேக் இல்லாமல் சைக்கிளை வாடகைக்கு விடுகிற மாதிரி.

பக்கத்து வீட்டு மஸ்தானின் மகள் ரம்ஷாவைப் பார்க்க வந்தபோதுதான் அவர் பெயர் பெரிதானது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி உள்ளே வந்தார். எல்லாரும் எழ ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கமும் வயசான விருந்தாளிகள் பாதி எழுந்து பாதி சாய்ந்திருக்கிற நேரம். தான் எழுந்தால் என்னாகும் என்று கலீல் பாய்க்குத் தெரியும். உட்கார்ந்தபடியே ஸலாம் சொன்னார். முத்தவல்லி வந்தே எழுந்திருக்காத மனிதர் யாரோ பெரிய இடம் என்று மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குள் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

கலீல் பாய்க்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் அடங்கவில்லை. மாப்பிள்ளைக்கு வண்டி ஒன்று வாங்கித் தந்தால் கௌரவமாக இருக்கும் என்று ஆரம்பித்தார். எதிரே மஸ்தானின் முகம் சுருங்குவதை கலீல் பாய் பார்த்தார். மஸ்தான் வண்டிக்கு எங்கே போவான்? அவனே இவர் கடைச் சைக்கிளில்தான் ஊர் சுற்றுகிறான். கலீல் பாய் இடது தொடையை லேசாக, காற்றுப் போகிற அளவுக்கு, தூக்கினார். நாடா உருவிக்கொண்டது. தாய்மாமன் டீ டம்ளரோடு அழகாகக் கீழே இறங்கினார். வண்டி என்கிற வார்த்தை மட்டும் சோபாவிலேயே தங்கிவிட்டது. தூக்கிவிட்டு, துடைத்துவிட்டு, மறுபடியும் உட்காரவைத்தபோது அவருக்கு என்ன கேட்டோம் என்பதே ஞாபகமில்லை. பேச்சு பிரியாணிக்குப் போய்விட்டது.

அதிலிருந்து, கலீல் பாய் உட்கார்ந்தால் காரியம் முடியும் என்று சந்து முழுக்க நம்பியது. அவரும் மறுக்கவில்லை. எத்தனையோ வீட்டில் உட்கார்ந்தார். தேவைப்பட்ட இடத்தில் தொடையைத் தூக்கினார். ராத்திரிச் சோற்றின்போது, இன்றைக்கு யார் எப்படிச் சறுக்கினார்கள் என்று மகள் ஃபஹீமாவுக்கு நடித்துக் காட்டுவார். ஒருத்தர் விழுந்ததும் உள்ளே இருந்த பெண்டாட்டியைத் திட்டினார். ஒருத்தர் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி சமாளித்தார். ஒருத்தர் பக்கத்தில் நின்ற குழந்தையின் முதுகில் ஒன்று வைத்தார். ஃபஹீமா புரையேறுகிற வரைக்கும் சிரிப்பாள்.

"சறுக்குறப்ப மனுசன் நடிக்க முடியாது கண்ணு," என்பார் அவர். "உள்ள இருக்கறது அப்பத்தான் வெளிய வரும்."

ஃபஹீமா ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தாள். சந்துப் பெண்களின் ஜாக்கெட், சுடிதார் எல்லாம் அவள் கையில்தான். அந்த மெஷின் ஓடுகிற சத்தம் இல்லாவிட்டால் கலீல் பாய்க்கு மத்தியானத் தூக்கம் வராது.

அப்படி இருக்கையில்தான் ஈரோட்டு மஞ்சள் மண்டி சிக்கந்தர் ராவுத்தர் தன் மகன் அனீஸுக்கு ஃபஹீமாவைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். பையன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறானாம். குடும்பம் நல்ல குடும்பமாம். இஸ்மத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கலீல் பாய்க்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

பெண்ணைப் பெற்றவன் அன்றைக்கு உட்கார முடியாது. வாசலில் நின்று கூப்பிட வேண்டும், தட்டை நீட்ட வேண்டும், சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும். ஊரார் பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளை வீட்டாரைச் சறுக்கவிட்டு எடை போட்டவர், தன் பெண்ணுக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வார்?

உனக்காக நான் உட்காருகிறேன் என்று மஸ்தான் முன்வந்தான். மஸ்தான் சைக்கிள் பம்பு மாதிரி இருப்பான். ஒத்திகை பார்த்தார்கள். மஸ்தான் நடுவில் உட்கார, கலீல் பாய் ஓரத்தில் உட்கார, கலீல் பாய் வழுக்கினார், அவருடைய குஷன் நாடாவை இழுத்தது, நாடா மஸ்தானை இழுத்தது. கடைசியில் மஸ்தான் கலீல் பாய் மடியில் உட்கார்ந்திருந்தான். இஸ்மத் கதவருகே வந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

பிறகு முடிவு அவளே எடுத்தாள். ஃபஹீமாவைக் கூப்பிட்டு இதற்கு ஒரு வழி பண்ணச் சொன்னாள். ஃபஹீமா பழைய நாடாக்களைப் பிரித்தெடுத்துவிட்டு, கோதுமைச் சாக்கைக் கத்தரித்து, வெளியே தெரியாமல் உள்ளே மடித்து, குஷனின் அடிப்பக்கம் தைத்தாள். சொரசொரப்பான சாக்கு ரீப்பரைக் கவ்விக்கொண்டது. முதலில் தைத்த குஷனை அவள் நடுவில் போட, கலீல் பாய் உட்கார்ந்து ஆடினார், அசைந்தார், குதித்துக்கூடப் பார்த்தார். அசையவில்லை. இத்தனை வருஷம் தான் கஷ்டப்பட்டு உட்கார்ந்ததெல்லாம் ஒரு சாக்குத் துண்டின் வேலை என்று தெரிந்ததில் அவருக்கு உள்ளூர வருத்தம்தான்.

"ஒரே ஒரு குஷனை மட்டும் அப்படியே உட்டா என்ன?" என்று மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்களா?" என்றாள் இஸ்மத். "நம்ம புள்ளையப் பாக்க வர்றவிய கீழ உழுகோணுமா? சாக்கு தைக்காம ஒண்ணு இருக்கக் கூடாது, ஆமா."

ஃபஹீமா தலை நிமிராமல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தார்கள். பெண்கள் திரைக்கு உள்ளே போனார்கள். சிக்கந்தர் ராவுத்தர் கலீல் பாயை விடப் பெரிய உருவம். நேராக நடுவில் போய் உட்கார்ந்தார். அவருடைய மருமகன் தல்ஹா மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துக்கொண்டான். எந்த வீட்டிலும் வயதில் சின்னவனுக்கு வாசல் ஓரம்தான், காற்று வராத இடம். அனீஸ் அங்கே உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டை, வாரிய தலை, விரல் நுனியில் மோட்டார் வார்னிஷ் கறை. கேட்டதற்குப் பதில் சொன்னான். கேட்காததற்குச் சும்மா இருந்தான். இதில் என்ன தெரியும்? கலீல் பாய் டீத் தட்டை வைத்துக்கொண்டு நின்றார். தொடை பழக்கதோஷத்தில் துடித்தது.

தல்ஹா ஊர் நியாயமெல்லாம் பேசிவிட்டு மூலையில் இருந்த மெஷினைப் பார்த்தான்.

"இதெல்லாம் அங்க கொண்டாற வேண்டாமுங்க," என்றான். "எங்க ஊட்டுல பொம்பளைங்க தெச்சுத்தான் ஆகோணும்னு இல்லீங்க. நாலு பேர் துணி வாங்கித் தெச்சா நாங்க சோத்துக்கு இல்லாதவிய மாதிரி ஆயிப்போயிரும்."

திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் நின்றது. சிக்கந்தர் ராவுத்தர் தாடியைத் தடவினார். வழக்கமாக இந்த இடத்தில்தான் கலீல் பாய் தொடையைத் தூக்குவார். இன்றைக்குத் தூக்குவதற்கு அவருக்கு அடியில் ஒன்றுமில்லை. பெண்ணைப் பெற்றவன் எதிர்த்துப் பேசினால் சம்பந்தம் போகும்; பேசாவிட்டால் மெஷின் போகும். அனீஸைப் பார்த்தார்.

அனீஸ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து, "இல்லீங்க மச்சான்..." என்று ஆரம்பித்தான்.

அவன் குஷன் கிளம்பிவிட்டது. சாட்டின் பழைய வேகத்தோடு அவனை வெளியே கொண்டுவந்து தரையில் வைத்தது. டீ பாதி சட்டையில், பாதி சிமெண்டில். கலீல் பாய் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்.

தரையில் உட்கார்ந்தபடியே அனீஸ் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

"...மெஷின் வரட்டுமுங்க. கடையில வைண்டிங் மெஷினுக்குப் பக்கத்துல எடம் சும்மாத்தான் கெடக்குது. அவிங்களுக்கு இஷ்டம்னா தெக்கட்டும்."

அதற்குப் பிறகுதான் சட்டையைப் பார்த்தான். தல்ஹா வேகமாகச் சோபாவைக் குறை சொல்ல வாயெடுக்க, இவன் எழுந்து குஷனைத் திருப்பிப் பார்த்தான். அடியில் வெறும் சாட்டின். குனிந்து அப்பா உட்கார்ந்திருந்த குஷனைப் பார்த்தான். ரீப்பர் இடைவெளியில் சாக்கு எட்டிப் பார்த்தது. மோட்டார் பிரித்துப் பழகியவன். ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு திரைப்பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குஷனை ஒழுங்காகப் போட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தான்.

"நல்ல சோபாங்க மாமா," என்றான்.

திரை குலுங்கியது. உள்ளே யாருக்கோ புரையேறிய சத்தம் கேட்டது. சிக்கந்தர் ராவுத்தர் மகனையும் திரையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, நிக்காஹ் எந்த மாதம் வைக்கலாம் என்று கேட்டார்.

அவர்களை வழியனுப்பிவிட்டு வந்ததும் கலீல் பாய் மூன்று குஷனையும் புரட்டினார். இரண்டில் சாக்கு. வாசல் ஓரத்துக் குஷனில் ஒரு தையல்கூட இல்லை. ஃபஹீமா எதிரில் வந்து நின்றாள்.

"சாக்கு பத்தலீங்க அத்தா."

மெஷினுக்குக் கீழே முக்கால் சாக்கு மடித்து வைத்திருந்தது. கலீல் பாய் அதையும் பார்த்தார், மகளையும் பார்த்தார்.

"பத்தலீன்னா உடு கண்ணு," என்றார்.

நிக்காஹ் முடிந்தது. ஃபஹீமா ஈரோட்டுக்குப் போனாள். வேனில் அவளுக்கு அடுத்தபடியாக மெஷின் ஏறியது. அனீஸே தூக்கி வைத்தான்.

அன்று சாயங்காலம் வீடு காலியானதும் இஸ்மத் மிச்சச் சாக்கையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது குஷனுக்கு வந்தாள். அதை மட்டும் தொடாதே என்றார் கலீல் பாய். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போய் அந்தக் குஷனிலேயே உட்கார்ந்தார். மூலையில் மெஷின் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாட்டின் தன் வேலையைச் செய்தது. மெதுவாக முன்னால் வந்து, தரையில் இறங்கினார். எழுந்திருக்கவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சறுக்கிருச்சு."

இஸ்மத் அவர் முகத்தைப் பார்த்தாள். ஊசியைச் சாக்கில் குத்திவைத்துவிட்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் அவர் கண்ணை ஒருமுறை, தன் கண்ணை ஒருமுறை துடைத்தாள்.

"துணிதானுங்க சரியில்ல," என்றாள்.