என் தட்டுக் களியில் என்ன இருந்தது?

அறுபதுகளின் கடைசியில் பாப்பாரப்பட்டிப் பக்கம் மருமகளாக வந்தேன். வீட்டு முன்னால் கேழ்வரகு கொட்டி மூடிவைக்கும் மண்குழி உண்டு. குழி திறக்கும் நாளில் மூத்த ஓரகத்தி அக்கா சமைப்பார். நான் பூசணம் பிடித்த மேல் தானியத்தைப் புடைப்பேன். மதியம் அவர் கையால் களி தின்பேன். பொழுது சாய்ந்தால் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு. இரண்டு நாளில் தானாகப் போய்விடும்.

மூன்றாம் முறையும் அப்படியே ஆனதும் சந்தேகம் தட்டியது. வீடே தின்ற களியைத் தின்று நான் ஒருத்திதானே படுக்கிறேன்? என் தட்டில் மட்டும் அக்கா எதையோ கலக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் புள்ள இப்படி மொறைக்கற?" என்றார்.

அடுத்த முறை அந்தக் களியை யாருக்கும் தெரியாமல் மாட்டுக்கு வைத்தேன். மாடு நன்றாக இருந்தது. எனக்குத்தான் மூச்சே நின்றுவிடும் போலாயிற்று. அக்காதான் வண்டி கட்டச் சொல்லி, என்னை மடியில் சாய்த்துக்கொண்டு டாக்டரிடம் கொண்டுபோனார்.

அன்று செய்த வேலையையெல்லாம் டாக்டர் கேட்டார். "பூசணத் தூளு உள்ள போனா, உடம்பைக் காக்குற வெள்ளை அணுக்களே அதை எதிரின்னு நெனச்சு நெஞ்சுக்குள்ள சண்டை போடுதும்மா. அதுலதான் நுரையீரல் வீங்குது. இனிமே பொடைக்காதீங்க" என்றார்.

அதற்குப் பிறகு குழி திறக்கும் நாளில் நான் சமைப்பேன். அக்கா மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு புடைப்பார். மதியம் நான் போடும் களியைத் தட்டைக்கூடப் பார்க்காமல் பிட்டு விழுங்குவார்.