எந்த வயதில் தொடங்கியது

ஆராதனைக்குப் புறப்பட்ட அம்மா வாசல் பூட்டைக் கையில் பிடித்தபடி, "மக்கா, அந்த மத்தத எடுத்துத் தா" என்றாள். அவள் கேட்ட சாவி கண்ணுக்கு நேரே ஆணியில் தொங்கியது; அதன் பெயர்தான் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முன்பெல்லாம் அதைச் சாவி என்பாள். பிறகு மலையாளத்தில் தாக்கோல் என்றாள். நாற்காலி, கசேர ஆனது. பாறசாலைப் பக்கத்தில் தமிழில் தொடங்கிய பேச்சை மலையாளத்தில் முடிக்காதவர் யார்? எங்களில் யாரும் கவனிக்கவில்லை. தமிழ்ச் சொல் தொலைந்த இடத்தில் மலையாளச் சொல்லை வைத்து வருடக்கணக்கில் சமாளித்திருக்கிறாள். இப்போது அதுவும் தீர்ந்துவிட்டது.

அம்மாவின் மறதி எப்போது தொடங்கியது என்று திருவனந்தபுரத்து டாக்டர் கேட்டபோது, "போன ஈஸ்டருக்குத்தான் சார், சந்தையிலேருந்து வீட்டுக்கு வழி தெரியாம நின்னா" என்று அப்பா சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில் தொடங்கியது என்று டாக்டர் எழுதிக்கொண்டார். அது தப்பு; தமிழ்ச் சொற்கள் அதற்குப் பல வருடம் முன்பே தொலையத் தொடங்கிவிட்டன.

நான் விலங்கியல் முதுகலை படிக்கிறேன். அம்மா சாவிக்குப் பெயர் தெரியாமல் நின்ற வாரம்தான் கல்லூரி நூலகத்தில் ஓர் ஆங்கில இதழில் வாசித்திருந்தேன்: ஒரு மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள் அல்சைமர் நோய் தொடங்கும் வயதையே முன்னும் பின்னும் நகர்த்துகின்றனவாம். வாசித்தபோது என்ன பரவசம்! பூட்டோடு நின்ற அம்மாவைப் பார்த்ததும் அதே வரிகள் அவளைப் பற்றியவை ஆகிவிட்டன. அம்மாவின் அண்ணனும் இப்படி யாரையும் தெரியாமல்தான் செத்துப்போனார்.

வாசித்ததையும், அம்மாவின் தமிழ் மலையாளமாக மாறியதையும் அக்காவிடம் சொன்னேன்.

"நீ படிச்ச படிப்பு எங்கள அளக்கதுக்காக்கும்" என்று சிரித்தாள். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்: "மாமாவுக்கும் அம்மைக்கும் உண்டுண்ணா, எனக்கும் உண்டா?"

"இருக்கலாம், இல்லாமலும் போலாம் அக்கா. வயசும் ஆளுக்கு ஆள் மாறும்."

"எனக்க பிள்ளைக்கு ரெண்டு வயசுதான் ஆவுது. நீ என்னத்தக் கண்டுபிடிச்சாலும் எங்கிட்ட சொல்லண்டாம், கேட்டியா."

அன்று சாயங்காலம் பிள்ளையிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னவள், சட்டென்று நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வருகிற சனிக்கிழமை காரோடு என்ற ஊருக்கு, மாமாவின் மனைவியைப் பார்க்கப் போகிறேன். மாமா எப்போது மறக்கத் தொடங்கினார் என்று கேட்டால் அப்பாவைப் போல மாமியும் எல்லாருக்கும் தெரியவந்த நாளைத்தான் சொல்வாள். அதனால் வீட்டில் அவர் பேச்சில் தமிழ் எப்போதிலிருந்து குறைந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அம்மாவையும் கூட்டிப் போகிறேன். மாமியை அவளுக்கு இன்னும் அடையாளம் தெரிகிறது. எங்கே போகிறோம் என்று அக்காவிடம் சொல்லவில்லை.